பூவைத் தொட்ட கையும் மருந்தடித்த கையும்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் தோட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஈப்போவில் இப்படி ஓர் அவை கூடினால் அதில் பலருக்குத் தோட்டத்து வேர் இருக்கும். சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று தாத்தா பாட்டி வாழ்ந்த ஊர்களின் பெயரை நீங்கள் வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். அந்தத் தோட்டங்களில் பூவுக்கும் பூச்சிக்கும் நம்மவர்களின் உடம்புக்கும் என்ன நடந்தது என்பதுதான் என் பேச்சு. உடல்நலத்தைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு காடு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்மரக் காடுகளை வெட்டிச் செம்பனை நட்டபோது நம்மவர்களின் கைக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. இன்றைய பிள்ளைகள் பலருக்கு அதைப் பற்றித் தெரியாது.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். காற்றுதான் அதைக் கொண்டுபோகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். நம் நாட்டிலோ காய்ப்பு சரியாக இல்லை. குலைகள் பாதி பிஞ்சும் பாதி சொத்தையுமாக வந்தன. அதனால் தோட்ட நிர்வாகங்கள் ஆட்களை வைத்தே மகரந்தம் சேர்த்தன. ஆண் பூவை வெட்டி, மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதுகுழாயில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். பெண் பூ சில நாட்களே விரிந்திருக்கும் என்பதால் சில நாட்களுக்கு ஒருமுறை அதே சுற்றைத் திரும்பச் சுற்ற வேண்டும். மட்டையின் முள் கையைக் கிழிக்கும். அடியில் பாம்பு கிடக்கும். அந்த வேலையைச் செய்தவர்களில் நம் தாய்மார்கள் நிறையப் பேர். ஒரு பூச்சி செய்ய வேண்டிய வேலையை மனுஷிகள் கூலிக்குச் செய்தார்கள்.

யூனிலீவர் நிறுவனத்தில் இருந்த லெஸ்லி டேவிட்சன் மலேசியாவுக்கு வருவதற்கு முன் ஆப்பிரிக்காவின் கமரூனில் வேலை பார்த்தவர். அங்கே ஆள் வைக்காமலே குலைகள் நிறைவாகக் காய்த்ததையும், பூக்களில் வண்டுகள் மொய்த்ததையும் அவர் கண்டிருந்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கமரூனுக்குப் போய் அந்த வண்டுகளை ஆராய்ந்தார். எலெய்டோபியஸ் கமரூனிகஸ் என்ற கூன்வண்டு அது. அரிசி மணியைவிடச் சிறியது. உதிர்ந்துபோகும் ஆண் பூங்கொத்தில் முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் சோம்பு மணம் வீசுவதால் ஏமாந்து அங்கேயும் போகும். போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டு வரும். வேறு பயிர்களை அது தின்னாது என்பதைச் சோதித்து உறுதி செய்த பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத்தில் அதை முதலில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. ஊதுகுழாயைப் பிடித்த கைகளுக்கு அந்த வேலை முடிந்தது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மகரந்தச் சேர்க்கை என்றால் பலருக்கும் தேனீயும் பள்ளிப் பாடப்புத்தகப் படமும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டின் மிகப் பெரிய பயிர்த்தொழிலே ஒரு சிறு வண்டின் முதுகில் நடக்கிறது. அந்த வண்டு இல்லாத காலத்தில் அதற்கு என்ன விலை என்பதை நம் குடும்பங்கள் தோளிலும் முதுகிலும் தெரிந்துகொண்டன.

அதே குடும்பங்கள் வேறொரு வேலையும் செய்தன. மருந்தடிக்கும் வேலை. என் தாயாரும் அந்தக் கும்பலில் இருந்தவர். காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரங்கள் நிற்கும் தீம்பாருக்குள் போவார்கள். பம்பு கசிந்தால் முதுகு நனையும். மழைக்காலத்தில் துணியும் காயாது, தோலும் காயாது. மூக்கில் இரத்தம் வரும், நகம் கறுத்து விழும். எந்த மருந்து என்று கேட்டால் டின்னின் நிறத்தைத்தான் சொல்வார்கள். பெயரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். 1962இலிருந்து சந்தையில் இருந்த களைக்கொல்லி. உடம்புக்குள் போனால் நுரையீரலில் சேர்ந்து அதைத் தழும்பாக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. தோலில் காயம் இருந்தால் அந்த வழியாகவும் இறங்கும். முள் கிழிக்காத கை செம்பனைத் தோட்டத்தில் எங்கே இருக்கிறது? ஸ்வீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் அதைத் தடை செய்துவிட்டன.

நம் நாட்டில் அதற்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களில் ஐரின் பெர்னாண்டஸை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர். 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை நேரில் சந்தித்து அவர்களின் உடல்நிலையைப் பதிவு செய்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல், தோல் எரிச்சல் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தவை நாடறிய எழுத்தில் வந்தன. அதே 2002இல் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இன் இறுதியில் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. ஐரின் 2014இல் காலமாகிவிட்டார். அந்த நாளை அவர் பார்க்கவில்லை. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே போன 17 ஆண்டுகளில் எத்தனை பேர் பம்பைச் சுமந்தார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தடை வந்தால் விளைச்சல் விழும், செலவு ஏறும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வாதம். இலங்கை 2008 தொடங்கி 2011க்குள் பாராகுவாட்டையும் வேறு இரண்டு நச்சுகளையும் நிறுத்தியது. அங்கே விஷம் குடித்து இறப்பவர்களின் தொகை குறைந்தது. வயல்கள் விளைச்சல் இழந்துவிடவில்லை.

மருந்தே வேண்டாம் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. செம்பனைத் தோட்டத்தைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்க மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும், குலை சுமந்து நடக்க ஒரு தடம் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள புல்லையும் பூண்டையும் ஏன் எரிக்க வேண்டும்? அங்கே பூக்கும் தொட்டாற்சுருங்கியில்தான் தேனீ மகரந்தம் எடுக்கிறது.

பூச்சிமருந்தைக் கூட்டக் கூட்டப் பூச்சியும் கூடும் என்பதை மலேசியத் தோட்டங்கள் 1960களிலேயே பட்டறிந்தன. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்க எல்லாவற்றையும் கொல்லும் மருந்துகளை அடித்தார்கள். புழுவைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த குளவிகளும் சேர்ந்து செத்தன. புழு முன்னைவிடப் பெருகியது. பூச்சியியலாளர் பிரையன் வுட் இதைக் கண்டறிந்து, மருந்தை நிறுத்துவதே வழி என்று காட்டினார். இன்று நல்ல தோட்டங்களில் சாலையோரமாக எட்டு மணிப் பூவும் கொடிரோஜாவும் நட்டிருப்பதைப் பார்க்கலாம். அழகுக்காக நட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான் நட்டிருக்கிறார்கள்.

பேராக் மாநிலத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு இன்னொரு வேலையாளும் உண்டு. தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறோம். அதைப் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் ஈப்போவைச் சுற்றி நிற்கின்றன. அவற்றின் குகைகளில் தேன் குடிக்கும் வௌவால்கள் வாழ்கின்றன. டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இரவில் வந்து அதைக் காயாக்கிக் கொடுப்பதில் இந்த வௌவால்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பெத்தாய் மரத்துக்கும் அப்படியே. 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை கடற்கரைச் சதுப்புக்காட்டுப் பூக்களைத் தேடி வெகுதூரம் பறந்து போவதைக் கண்டார்கள். ஆகவே சதுப்புக்காடு அழிந்தால் குகை வௌவால் பட்டினி கிடக்கும். குன்றைக் கல்லுக்காக உடைத்தால் அதன் வீடே போய்விடும். தீபாவளிக்கு வெடி வெடித்து வௌவாலை விரட்டும் பிள்ளைகளுக்கு டுரியான் எப்படி வருகிறது என்பதை யாராவது சொல்லித் தர வேண்டும்.

2016 பிப்ரவரியில் கோலாலம்பூரில் கூடிய அரசுகளுக்கிடையிலான பல்லுயிர் அறிவியல் மன்றம், மகரந்தம் சேர்க்கும் உயிர்களைப் பற்றிய உலகளாவிய மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டது. அப்போது அந்த மன்றத்தின் தலைமையில் இருந்தவர் நம் நாட்டு அறிஞர் ஸாக்ரி அப்துல் ஹமீது. உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓரளவாவது இந்த உயிர்களை நம்பியிருப்பதாக அந்த அறிக்கை கூறியது. நம் தலைநகரில் பிறந்த செய்தி நம் தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

மாணவர்களே, பாராகுவாட் போனாலும் பம்பு போகவில்லை. அதில் இன்று பெரும்பாலும் கிளைபோசேட் இருக்கிறது. தேனீயின் குடலில் அதைக் காக்கும் நுண்ணுயிர்களை அது குலைப்பதாக 2018இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பம்பைச் சுமக்கும் முதுகும் மாறிவிட்டது. நம் அம்மாக்கள் இருந்த இடத்தில் இன்று வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியச் சகோதரிகளும் நிற்கிறார்கள். நமக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கட்டும் என்று விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

உங்களில் தாதியராகவும் மருத்துவராகவும் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தோல் எரிச்சல் என்றோ ஓயாத இருமல் என்றோ ஒருவர் வந்தால், என்ன வேலை செய்கிறீர்கள், எதை அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700இலேயே நோயாளியிடம் தொழிலைக் கேட்கச் சொன்னார். என் தாயாரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. தோட்ட நிறுவனங்களில் கணக்கராகவும் மேலாளராகவும் உட்காரப் போகிறவர்களே, மருந்து வாங்கும் பட்டியல் உங்கள் கையெழுத்துக்கு வரும். செம்பனைக்கான நிலைத்தன்மைச் சான்றிதழின் 2018ஆம் ஆண்டு விதிகள், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து வேலைக்கு விடக்கூடாது என்றன. மருந்தடிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றன. அந்த விதி சுவரில் தொங்குகிறதா, நடக்கிறதா என்று களத்துக்கே போய்ப் பாருங்கள்.

ஆசிரியர்களாகப் போகிறவர்களிடம் எனக்கு உரிமை அதிகம். பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளில் பலவும் தோட்டத்து மண்ணில் தோன்றியவை. பள்ளித் தோட்டத்தில் கெலுலுட் தேனீப் பெட்டி ஒன்று வையுங்கள். அதற்குக் கொடுக்கு கிடையாது, பிள்ளைகள் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். வேலியோரம் துளசியும் எட்டு மணிப் பூவும் நடச் செய்யுங்கள். கத்தரிப் பூவை எந்தப் பூச்சி தேடி வருகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே இந்த இயற்கை வேளாண்மைச் செய்திகளைக் கொண்டுசேர்த்து வருகிறது. அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள்.

நீங்கள் எந்தப் பணிக்குப் போனாலும், உங்கள் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கோயில் வளாகத்துக்கோ புல்லுக்கு மருந்தடிக்க ஆள் வரும் நாள் ஒன்று வரும். அன்று வெளியே போய் இரண்டு காரியம் செய்யுங்கள். பூத்திருக்கும் ஓரங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். அடிக்க வந்தவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கும்வரை அந்த வேலையை நிறுத்துங்கள். பட்டம் பெற்றவர்கள் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் பாட்டிமாருக்கு அந்தக் குரல் இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது.