உழைப்போடு ஓய்வும் வேண்டும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"சுகமா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறோம். காய்ச்சல் இல்லையென்றால் "சுகமே" என்று விடை சொல்கிறோம். ஆனால் நோயின்மை மட்டும் சுகமாகாது. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் ஒருங்கே செழித்திருப்பதே சுகம் என்கிறது, 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். அந்த அளவுகோலால் நம்மை அளந்து பார்ப்போம்.

நமது பூம்பாறைப் பூண்டு மருத்துவக் குணத்திற்குப் பேர்போனது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்கெல்லாம் மருந்து அனுப்பும் நாம் சுகமாக இருக்கிறோமா? வடுகபட்டிச் சந்தையில் விலை சரிந்தால் நமக்கு உறக்கமில்லை. கடனை எண்ணி, இடுப்பு வலியோடு தோட்டத்துக்கு ஓடுகிறோம். வலியை மறக்க மதுவைத் தேடுவோரும் நம்மில் உண்டு. களையெடுத்துத் திரும்பும் தாய்மாருக்கோ அடுப்படி வேலை காத்திருக்கிறது.

பூண்டே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அறுவடையான கையோடு நட்டால் அது சீராக முளைப்பதில்லை. கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காத்து, அதன் உறக்கம் கலைந்த பின்னரே நடுகிறோம். மண்ணும் அப்படியே. ஓயாமல் பூண்டையே போட்டால் நோய் பெருகும். இடையில் பீன்சோ பட்டாணியோ போட்டால் தழைச்சத்து சேரும். விதைக்கும் மண்ணுக்கும் கொடுக்கும் இளைப்பாறுதலை நமக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் மறுப்பது நியாயமா?

ஜூபிலியின் வேரும் இதுவே. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்ந்திருக்கும். ஐம்பதாம் ஆண்டாகிய ஜூபிலியில் கைவிட்டுப்போன காணி உரியவரிடம் திரும்பும். ஆகவே ஓய்வு சோம்பலன்று, அது நீதி.

இந்த விழா ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, பூச்சிமருந்து தெளிக்கும்போது கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடி, காற்றுக்கு எதிரே நில்லாமல் தெளிப்போம்; சோப்புப் போட்டுக் குளித்த பின்னரே உண்போம். இரண்டாவது, பசித்து, அளவறிந்து உண்போம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வற்புறுத்துவதும் இதையே. நல்ல காரட்டையெல்லாம் லாரியில் ஏற்றிவிடாமல், நம் பிள்ளைகளின் தட்டிலும் வைப்போம். மூன்றாவது, ஞாயிறன்று ஆண்கள் தண்ணீரும் விறகும் கொண்டுவந்து கொடுத்து, பெண்களைச் சற்று உட்கார வைப்போம். கடன் கவலையை மதுக்கடைக்குக் கொண்டுபோகாமல், குடும்பத்தோடு அமர்ந்து பேசுவோம்.

பேசினால் கடன் தீர்ந்துவிடாது; ஆனால் அதைச் சுமக்கும் தோள்கள் இரண்டு நான்காகும். அத்தகைய இல்லங்கள் நம் பங்கில் பெருகுவதாக!