மைசூரில் உறங்கும் நம் ஊர் மடல்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய இந்த மேடையில், பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு புகைவண்டி அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்மை நிறுத்தியிருக்கின்றீர்கள். இலக்கியம் பேச எமக்குத் தகுதி இல்லை. பழைய தாள் ஒன்றைத் தேடி எடுப்பது எவ்வாறு என்பது மட்டும் தெரியும். இருபது ஆண்டுகளாக அதுவே எம் பிழைப்பு. ஆதலின் அதனையே இன்று பேசப் புகுகின்றோம். தேட வேண்டிய தாள்தான் வேறு. நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்த மடல்களின் மைப்படிகள் அவை. அவற்றுள் மிகப் பல, நாம் பிழைக்க வந்த இந்த மைசூர் நகரத்திலேயே பல்லாண்டு காலம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது நம்முள் பலர் அறியாத செய்தி.

மைப்படி என்பது யாது? கோயிற் சுவரில் உள்ள எழுத்தைத் தூரிகை கொண்டு தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, மயிர்க்கற்றை இறுகிய தூரிகையால் தட்டுவர். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துள் இறங்கும். பின்னர் விளக்குக் கரியும் பிசினும் கூட்டிய மையைத் துணிப்பந்தில் தோய்த்து மேலே ஒற்றுவர். கல்லின் மேடு கறுக்கும். எழுத்தின் பள்ளம் வெளுத்தபடி நிற்கும். தாள் உலர்ந்ததும் உரித்தெடுத்தால் கல்வெட்டு முழுவதும் கையோடு வந்துவிடும். கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டால், எழுதுவோன் தன் பிழையையும் சேர்த்து எழுதிவிடுவான். மைப்படிக்கு அந்தக் குறை இல்லை. கல் பொய்த்தால் ஒழியப் படி பொய்க்காது.

1886 ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் ஹூல்ஷ் என்னும் செருமானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தினர். 1887 முதல் ஊர் ஊராகச் சென்று படியெடுக்கும் பணி முறையாக நடந்தது. 1890 இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அடுத்த தொகுதியில் இடம்பெற்றன. ஹூல்ஷுக்குப் பின் வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி முதலிய நம் நாட்டறிஞர்கள் அப்பொறுப்பை ஏற்றனர். அவ்வலுவலகம் பின்னாளில் உதகமண்டலத்தில் இருந்தது. 1966 இல் மைசூருக்கு வந்தது. படிகள் அனைத்தும் உடன் வந்தன. தஞ்சைக்கும் தொண்டை நாட்டுக்கும் உரிய ஊர்களின் மடல்கள் இவ்வாறே கன்னட நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. நாமும் அவ்வாறே வந்தவர்கள்தாமே!

இனி எம் கதையைச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. எம் ஊர் காவிரியின் தென்கரையில் உள்ள சிற்றூர். ஊர்ப் பெயரைச் சொல்லோம். சொன்னால் இன்னும் உயிரோடு இருக்கும் பெரியவர் சிலர் மனம் புண்படும். அங்குள்ள சிவன் கோயிலின் கருவறைச் சுவர் அடிப்புறத்தில் வரி வரியாக எழுத்துகள் இருந்தன. சிறு வயதில் அவ்வெழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே சுவரைச் சுற்றி வருவோம். புதையல் இருக்கும் இடத்தை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எம் பாட்டியார் சொல்லுவார். அந்தப் புதையலுக்காக ஒருவரும் மண்வெட்டி எடுக்கவில்லை. ஒருவரும் படித்துப் பார்க்கவும் இல்லை.

பிறகு திருப்பணி நடந்தது. குடமுழுக்குக்கு அழைப்பு வந்து விடுப்பில் போனோம். கோயில் பளபளவென்று இருந்தது. முன்மண்டபத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தனர். சுவரின் அடிப்புறம் முழுவதும் மெருகேற்றிய புதுக்கல் பதித்திருந்தனர். எழுத்து எங்கே என்று கேட்டோம். "பழைய கல் அழுக்கேறிக் கிடந்தது தம்பி, அரைத்துவிட்டு மேலே பதித்துவிட்டோம்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொந்தப் பணம் கொடுத்து, வெயிலில் நின்று வேலை வாங்கியவர், பத்தியுள்ளவர். அவரிடம் சினந்து பேச எமக்கு நா எழவில்லை. மைசூர் திரும்பும் வரையில் வண்டியில் உறக்கமும் வரவில்லை.

இந்த வருத்தத்தை நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நகைத்தார். "கல் போனால் என்ன ஐயா, உங்கள் ஊர்க் கல்லின் படி இதே ஊரில் அல்லவோ இருக்கக்கூடும்? எழுதிக் கேளுங்கள்" என்றார். அன்றிரவே ஒரு மடல் எழுதினோம். எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டின் படியைக் காண விரும்புகின்றோம் என்று உருக்கமாக இரண்டு பக்கம். மறுநாள் நண்பரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "உருக்கம் இருக்கிறது, எண் எங்கே?" என்றார்.

எமக்கு வெட்கமாகப் போயிற்று. எங்கள் அலுவலகத்தில், போன மாதம் வந்த மூட்டை எங்கே என்று யாரேனும் வந்து கேட்டால், ரெயில்வே ரசீதின் எண்ணும் தேதியும் கொண்டு வாருங்கள் என்று நாள்தோறும் சொல்லி அனுப்புகிறவர் யாமே. எண் இல்லாத மூட்டையைக் கடவுளாலும் கண்டுபிடிக்க இயலாது என்பது எங்கள் பண்டகசாலையின் பழமொழி. அவ்வறிவு எமக்கு நேர்ந்தபோது கைகொடுக்கவில்லை.

கல்வெட்டுகளுக்கும் அத்தகைய எண் உண்டு. ஒவ்வோர் ஆண்டிலும் எடுத்த படிகளுக்கு ஒன்று முதல் எண்ணிட்டு, எண்ணையும் ஆண்டையும் சேர்த்து வழங்குவர். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919 இலும் 921 இலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இரார். குடவோலையால் ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த முறையைச் சொல்பவை அவை. அறிஞர் அவற்றை 1898 ஆம் ஆண்டின் 1, 2 ஆம் எண்கள் என்றே குறிப்பர். ஆண்டை விட்டு எண்ணை மட்டும் சொன்னால், ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு முதல் எண் எழுந்து நிற்கும்.

நம் ஊருக்குரிய எண்ணை எங்குத் தேடுவது? ரங்காசாரியார் என்பவர், 1915 வரையில் சென்னை மாகாணத்தில் திரட்டிய கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்று பிரித்து மூன்று பெருந்தொகுதிகளாக 1919 இல் வெளியிட்டார். பிற்காலத்தில் மகாலிங்கம் என்னும் பேராசிரியர் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அத்தகைய ஊர்வரிசையை இன்னும் விரிவாகத் தொகுத்தார். அது 1985 முதல் வெளிவந்தது. இவற்றில் ஊரைக் கண்டால் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் அவ்வாண்டுக்குரிய கல்வெட்டு ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டும். கல்வெட்டு கோயிலின் எந்தச் சுவரில் உள்ளது, எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, பொருள் யாது என்று நாலைந்து வரியில் ஆங்கிலத்தில் குறித்திருப்பர். அதன் பிறகு, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் முழுப்பாடம் அச்சாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அச்சாகியிருந்தால் நூலகத்திலேயே வேலை முடிந்தது. அச்சாகாதவையும் மிகப் பல. அவற்றுக்கே மடல் எழுத வேண்டும்.

எம் ஊருக்கு ஐந்து எண்கள் இருந்தன. நான்கு அச்சேறியிருந்தன, ஒன்று அச்சேறவில்லை. அவ்வொன்றின் எண், ஆண்டு, ஊர், வட்டம், கோயில், சுவர் ஆகியவற்றைக் குறித்து மூன்று வரியில் மடல் எழுதினோம். இம்முறை உருக்கம் இல்லை. சில நாளில் இசைவு கிடைத்தது. ஒரு வேலை நாளில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றோம்.

முதல் உலகப் போருக்கு முன்னர் எடுத்த படி அது. மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. மேசைமேல் விரித்தபோது, சிறு வயதில் விரல் ஓட்டிய அதே வரிகள் கறுப்பின் நடுவே வெள்ளையாய் எழுந்தன. எமக்குப் பழைய எழுத்துப் படிக்கத் தெரியாது. அங்கிருந்த அறிஞர் ஒருவர் படித்துச் சொன்னார். அரசன் பெயர் இல்லை. இராசகேசரி என்னும் பட்டம் மட்டுமே உள்ளது. சோழருள் ஒருவர் விட்டு ஒருவர் தாங்கிய பட்டம் ஆதலின் எந்த அரசன் என்று துணிய இயலாது என்றார். பெண்ணொருத்தி தன் மகனைச் சார்த்தி, கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறாள். சாவா மூவாப் பேராடு என்பது அவ்வாடுகளுக்குப் பெயர். ஆடு சாகாதோ, மூப்படையாதோ என்று கேட்டோம். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டியை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமல் இடையன் காக்க வேண்டும். அதனால் அப்பெயர் என்று விளக்கினார். புதையல் என்று பாட்டியார் சொன்னது இதுதான்: மகனை நினைத்த ஒரு தாயின் விளக்கு.

ஆட்டைப் பெற்றுக்கொண்டு நெய் அளக்க உடன்பட்ட இடையன் பெயர் என்ன? அதுதான் இல்லை. கடைசி இரண்டு வரிகளின் பிற்பகுதியைப் பிற்காலத்து மண்டபத் தூண் மறைத்துவிட்டது; ஆகவே படியெடுத்தவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுச் சென்றிருக்கிறார். அன்பர்களே, அந்த மண்டபத்தைத்தான் திருப்பணியில் பிரித்தனர். பல நூறு ஆண்டுகள் தூணுக்குப் பின்னே இருந்த எழுத்து அன்று வெளிப்பட்டிருக்கும். ஒரு தாளும் ஒரு தூரிகையும் இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அதே வாரத்தில் அரைத்துவிட்டனர். இடையன் பெயரை இனி எந்த மைசூரிலும் கேட்டுப் பெற முடியாது. பெரியவர்மேல் நாம் குறை சொல்வது எவ்வாறு? படிகள் மைசூரில் இருக்கின்றன என்று அவருக்குச் சொன்னவர் யார்? இங்கே குடியிருந்த எமக்கே தெரியாதே!

நிற்க. எண் குறித்துக் கேட்டவர்கள் எவ்வளவு பெற்றனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். நொபொரு கராசிமா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் தமிழ் கற்று, நம் நாட்டுக்கு வந்து, அச்சேறாத படிகளின் பாடங்களை இங்கே பயின்றார். சுப்பராயலு, மட்சுயி என்னும் இருவருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணிப்பொறியின் துணையால் வரிசைப்படுத்தி 1978 இல் வெளியிட்டார். அரசர் பெயரை மட்டுமே வரலாறு என்று எண்ணியிருந்த நமக்கு, ஊராரும் உடையாரும் வேளாரும் ஆயிரக்கணக்கில் அதில் காட்சி தருகின்றனர். தோக்கியோவிலிருந்து வந்தவர் தேடி எடுத்ததை, பேருந்தில் போகக்கூடிய தொலைவில் இருந்த நாம் தேடவில்லை.

மைசூருக்கும் தமிழ் ஏட்டுக்கும் உள்ள தொடர்பு கல்வெட்டோடு முடியவில்லை. தஞ்சைச் சீமைப் பண்டிதர் ஒருவர் இவ்வூர் ஓலைச்சுவடி நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்தே, 1905 இல் சாமசாஸ்திரியார் கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்தை வெளிக்கொணர்ந்தார். 1909 இல் அச்சிட்டார். லூயிஸ் ரைஸ் 1886 முதல் வெளியிட்ட கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில், கோலார் முதலிய பகுதிகளுக்கு உரியவற்றைப் புரட்டினால் தமிழ்க் கல்வெட்டுகள் நிறையக் காணலாம். சோழர் கைப்பற்றி இராசராசபுரம் என்று பெயரிட்ட தலைக்காடு, இங்கிருந்து ஒரு பகற்பொழுதில் போய் வரும் தொலைவில்தான் மணலுக்குள் கிடக்கிறது. இந்நாட்டார் நம் மொழி எழுத்தையும் தம் எழுத்தோடு சேர்த்துக் காத்தனர். அதனை நன்றியோடு சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்ப் படிகளை ஆறு மாதத்துள் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டதை அறிவீர்கள். அதன்பின் அவற்றைக் கொண்டு செல்லும் பணி தொடங்கியது. நம்முள் சிலர் மகிழ்ந்தனர். சிலர் நம் வீட்டுப் பொருள் போனதுபோல் வருந்தினர். எம் கருத்து வேறு. மைசூர் அலமாரியோ சென்னை அலமாரியோ, படிக்கப்படாத தாள் இரண்டிடத்தும் ஒன்றே. தாள் போகும் வண்டியைப் பற்றி வழக்காடியவர்கள், தாளில் இருப்பதை அச்சிடுவது பற்றியும் அதே வேகத்தோடு பேசியிருக்கலாம். வீட்டில் இருந்தபடியே மின்னஞ்சலில் கேட்கலாகும் இக்காலத்தில் தொலைவு ஒரு பொருட்டன்று. மின்னஞ்சலாயினும் தலைப்பு வரியிலேயே எண்ணையும் ஆண்டையும் எழுதுக. ஒரு மடலுக்கு ஒரு கல்வெட்டு என்று கேட்க. எதற்காகக் கேட்கின்றோம் என்பதை ஒரு வரியில் சொல்க. ஊர்ப் பெருமையை அதில் எழுத வேண்டா.

எம் ஊர் விளக்குக் கல்வெட்டின் பாடத்தை எழுதி அந்தப் பெரியவருக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பக்கத்து ஊரில் திருப்பணிக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். அங்கே சுவரில் எழுத்து இருக்கிறதாம். படியெடுக்க யாரை அழைப்பது என்று கேட்டிருந்தார். அவ்வூருக்கு இரண்டு எண்கள் கிடைத்தன. இரண்டும் அச்சேறாதவை.

ரங்காசாரியார் தொகுதிகளின் நகல் எம்மிடம் உள்ளது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நம் சங்க நூலகத்தில் இருப்போம். தத்தம் ஊர்ப் பெயரோடு, வட்டத்தின் பெயரையும் கேட்டறிந்து வாருங்கள். இன்றைய வட்டம் போதாது. 1915 இல் அவ்வூர் எந்த வட்டத்தில் இருந்தது என்று வீட்டுப் பழைய பத்திரங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.