வஹீ வராத அந்த ஒரு மாதம்

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனது அருளும் சாந்தியும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



குழந்தைப் பேற்றுக்காக, மகளின் நிகாஹுக்காக, நோயில் கிடக்கும் தந்தையின் ஷிஃபாவுக்காக நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் கையேந்தி நிற்கிறோம். தஹஜ்ஜுதில் அழுகிறோம். பதில் தாமதிக்கிறது. அப்போது, அல்லாஹ் நம்மைக் கைவிட்டுவிட்டானோ என்ற ஊசலாட்டத்தை ஷைத்தான் உள்ளத்தில் போடுகிறான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்வில் இதற்கு மருந்து இருக்கிறது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னையவர்களின் கழுத்து மாலை அறுந்து விழுந்தது. அதைத் தேடிச் சென்றிருந்த நேரத்தில், அவர்கள் ஒட்டகச் சிவிகையினுள் இருப்பதாக எண்ணிப் படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையவர்களைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்தே அழைத்து வந்தார்கள். நயவஞ்சகர்களுக்கு இது போதுமாயிற்று. அவதூறு மதீனாவெங்கும் பரவியது.

ஒரு மாத காலம் இது குறித்து வஹீ வரவில்லை. சிந்தித்துப் பாருங்கள்! குர்ஆன் நபியவர்களின் சொந்தக் கூற்றாக இருந்திருந்தால், முதல் நாளே தம் மனைவியின் களங்கத்தைத் துடைத்திருக்க மாட்டார்களா? நபியவர்கள் காத்திருந்தார்கள். அந்த மௌனமே அவர்களின் வாய்மைக்குச் சான்றாயிற்று.

அன்னையவர்கள் இரவும் பகலும் அழுதார்கள். இறுதியில் நபியவர்கள் நேரில் வினவியபோது, தமக்காகப் பதில் கூறுமாறு பெற்றோரை வேண்டினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் உம்மு ரூமான் (ரலி) அவர்களுக்கும் சொல் எழவில்லை. துயர மிகுதியால் யஃகூப் (அலை) அவர்களின் பெயர்கூட அன்னையவர்களின் நினைவுக்கு வரவில்லை. யூஸுஃபின் தந்தை மேற்கொண்ட அழகிய பொறுமையே தம் வழி என்று கூறிவிட்டுப் படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

அல்லாஹ் ஒரு கனவின் மூலமாவது தம் தூய்மையை நபிக்கு அறிவிப்பான் என்று நம்பினார்கள். ஆனால் நபியவர்கள் அமர்ந்த இடத்தை விட்டு எழுமுன்பே வஹீ இறங்கியது. அந்நூர் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் முதலானவை அவை. கனவை எதிர்பார்த்தவருக்கு, மறுமை நாள் வரை ஓதப்படும் வசனங்கள் கிடைத்தன!

சகோதரர்களே! இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, தாமதம் மறுப்பாகாது. அவசரப்பட்டு, கேட்டும் கிடைக்கவில்லையே எனச் சலித்துக்கொள்ளாத வரை அடியானின் துஆ ஏற்கப்படுகிறது என்பது நபிமொழியின் கருத்து. நாம் கேட்டதைவிடச் சிறந்ததையும் அவன் தருவான். அதை மறுமைக்கென்று சேமித்தும் வைப்பான்.

இரண்டாவது, கண்ணீர் பொறுமைக்கு எதிரானதன்று. யஃகூப் (அலை) அவர்கள் பார்வை மங்கும் அளவுக்குத் துயருற்றார்கள். எனினும் தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அவனுடைய அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமெனத் தம் மக்களுக்கும் உபதேசித்தார்கள்.

மூன்றாவது, பிறருடைய காத்திருப்பை நம் நாவால் கனமாக்கக் கூடாது. பிள்ளை இல்லாத பெண்ணிடம், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று விருந்து வீட்டில் கேட்கிறோமே, அது அவள் ஸஜ்தாவில் கொட்டும் கண்ணீரை அறியாத கேள்வி. அன்னையவர்களுக்கு நிகராகத் திகழ்ந்த நபியின் மற்றொரு மனைவி ஸைனப் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் வினவியபோது, நல்லதைத் தவிர வேறெதுவும் அறியேன் என்றே சாட்சி கூறினார்கள். அந்த நாவடக்கம் நம் இல்லங்களுக்கு வரட்டும்.

காத்திருக்கும் ஒவ்வோர் உள்ளத்திற்கும் வல்ல ரஹ்மான் அழகிய பொறுமையை வழங்குவானாக! நம் துஆக்களை ஏற்று, நாம் எண்ணியதைவிடச் சிறந்ததை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.