ஒரே கல்லூரி, ஒரே பாடம், இரண்டு பட்டதாரிகள்

(திருச்சியில் நடந்த பட்டதாரிகள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பல பேர் பூத் ஏஜெண்டா இருந்தவங்க. காலையில அஞ்சரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு, அப்புறம் சீல், கையெழுத்து, சாயங்காலம் 17-சி படிவம். நடுவுல நாள் முழுக்க அந்த 'பீப்' சத்தம். அந்த மின்னணு வாக்கு இயந்திரத்தை வடிவமைத்துத் தயாரிக்கும் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன். மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட நம்ம சுஜாதா.

ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, அப்புறம் செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பிறகு அரசாங்க வேலை, கடைசியா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். (நம்ம திருவெறும்பூர் 'பெல்' வேற, இது வேற. திருச்சிக்காரங்க குழப்பிக்கக் கூடாது!)

அந்த இயந்திரம் ஒரே நாளில் நம்ம பூத்துக்கு வந்துடலை. 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல் முறையாக வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-ல்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க அந்த இயந்திரத்தில் நடந்தது. அதன் மேல் கேள்வி கேட்பது நம் உரிமை. விவிபேட் சீட்டு வந்ததே கேள்வி கேட்டதால்தான்.

இத்தனை வேலைக்கு நடுவிலும் அந்த மனுஷர் எழுதிக்கிட்டே இருந்தார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்', 'என் இனிய இயந்திரா', சினிமாவில் 'ரோஜா', 'இந்தியன்', மறைந்த பிறகு வெளிவந்த 'எந்திரன்'. "எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்குக் கதை எதுக்கு"ன்னு கேட்டு யாராவது அவரை உட்கார வைத்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு நஷ்டம்! இன்னிக்கு எத்தனை வீட்டில் அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்? பிள்ளை பட்டம் வாங்கினதும் "பேக்கேஜ் எவ்வளவு"ன்னுதான் முதல்ல கேட்கிறோம்.

அவரோட அதே கல்லூரியில் அதே இயற்பியலை, அதே காலத்தில் படித்தவர் ராமேஸ்வரம் அப்துல் கலாம். 1954-ல் பட்டம். விடுதியில் கலாமின் அறையில் மூன்று பேர்: ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன், கேரளத்து சிரியன் கிறிஸ்தவப் பையன். இதை அவரே 'அக்னிச் சிறகு'களில் எழுதியிருக்கிறார். மூன்றாம் வருஷம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக இருந்ததும் கலாம்தான்! நம்ம ஊர் பேசுற ஒற்றுமைக்கு இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும், அடுத்ததுக்குப் போறேன்.

அடுத்தது பணம். இதைத்தான் உங்ககிட்ட அழுத்திச் சொல்லணும்னு வந்தேன்.

எம்.ஐ.டி.யில் கலாமுக்கு இடம் கிடைச்சாச்சு. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவை. அப்பாவிடம் அவ்வளவு கிடையாது. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். 1980-ல் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுமந்துக்கிட்டு மேலே போச்சே, அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்படித்தான் படிச்சு வந்தார். அந்த அக்காவிடம் அன்னிக்கு வளையல் இல்லாமல் போயிருந்தால்?

வளையல் இல்லாத அக்கா இன்னிக்கும் உறையூரில் இருக்காங்க, அரியமங்கலத்தில் இருக்காங்க, மேலூர் ரோட்டில் இருக்காங்க. திருச்சியில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கு மட்டும் 1923-லேயே ஹோலி கிராஸ், 1951-லேயே சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி. இடம் கிடைத்தும் கட்டணத்துக்காக விட்டுட்டு வேலைக்குப் போற பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை. வீட்டு நகையை நம்பி ஒரு மாநிலத்தின் உயர்கல்வி நடக்கக் கூடாது. கட்டணத்தை அரசு ஏற்கணும்னு நாம கேட்போம், தொடர்ந்து கேட்போம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஒவ்வொரு வார்டிலும் ஒரு மேஜை போடுங்க. இந்த வருஷம் பட்டம் வாங்கின நீங்க இரண்டு பேர் உட்காருங்க. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிக்கணும், எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் வேணும், கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடணும் என்று சொல்லிக்கொடுங்க. வருமானச் சான்றிதழ் ஒண்ணு தாமதமானதால இடத்தைக் கோட்டை விட்ட பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீங்க.

மேஜைக்கு வர்ற பிள்ளை கதை எழுதுறேன், படம் வரையுறேன்னு சொன்னா அதையும் காது கொடுத்துக் கேளுங்க. உங்க வார்டில் மேஜை எங்கே போடுறீங்க, யார் பொறுப்புன்னு கீழே எழுதுங்க. நான் படிக்கிறேன்.