அச்சந் தரும் பூதங்கள்



அச்சம் என்பது மனிதர் எல்லோரும் விலக்க விரும்பும் உணர்ச்சி. இருள் சூழ்ந்தால் விளக்கேற்றுகின்றோம். இரவு வந்தால் கதவைத் தாழிடுகின்றோம். நாய் குரைத்தால் எழுந்து பார்க்கின்றோம். இவை யாவும் அச்சத்தை அகற்றும் முயற்சிகளே. ஆயினும், அந்த அச்சத்தையே விலை கொடுத்து வாங்கி, அறைக் கதவைச் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு, தனித்திருந்து நுகர்வோர் இன்று உலகெங்கும் பல்கியுள்ளனர். கணினித் திரையிலும் தொலைக்காட்சித் திரையிலும் ஆடப்படும் அச்ச விளையாட்டுகளையே குறிப்பிடுகின்றேன். இவ்விளையாட்டுகளில் வரும் பூதங்களுள் மிகக் கொடியது எது, அது ஏன் நம்மை அச்சுறுத்துகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பாடசாலை ஒன்றின் அதிபருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். என் மாணவர் பலர் இப்பூதங்களோடு இரவைக் கழித்துவிட்டே காலையில் வகுப்புக்கு வருகின்றனர். ஆகலின், அவை எவை என்று அறிந்துகொள்வது என் கடமையாயிற்று.

இவ்வகை விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1989ஆம் ஆண்டில் யப்பானில் கப்கொம் நிறுவனம் 'சுவீற் ஹோம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பிரான்சு நாட்டில் 1992இல் 'அலோன் இன் த டார்க்' தோன்றியது. இவ்விரண்டின் வழியில், சிஞ்சி மிக்காமி என்பவர் இயக்க, கப்கொம் நிறுவனம் 1996இல் 'ரெசிடென்ற் ஈவில்' என்பதனை வெளியிட்டது. 'சேர்வைவல் ஹொரர்' என்னும் பெயரை இவ்வகைக்கு நிலைநாட்டியது அதுவே. உயிர்தப்பும் அச்ச விளையாட்டு என்று அதனை நாம் தமிழிற் சொல்லலாம். ஏனைய விளையாட்டுகளில் ஆடுவோன் வீரன். பகைவரை வென்று மேற்செல்வான். இங்கோ அவன் ஏதிலி. துப்பாக்கி ரவைகள் சிலவே கிடைக்கும். கையிற் கொண்டு செல்லும் பொருள்களுக்கும் எல்லை உண்டு. இதுவரை ஆடியதைப் பதிந்து வைப்பதற்குங்கூட, ஆங்காங்கே காணப்படும் தட்டச்சுப் பொறிக்கு மைநாடா தேடி எடுக்க வேண்டும். வெல்லுதல் இங்கே நோக்கமன்று, பிழைத்திருத்தலே நோக்கம்.

இனி, பூதங்களுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தார். அவற்றுள் அச்சம் ஒன்று, இளிவரல் மற்றொன்று, மருட்கை இன்னுமொன்று. இம்மூன்றையும் பிரித்தறிந்த அவருடைய நுண்மை, இன்றைய இவ்விளையாட்டுகளை ஆராய்வதற்கும் பெரிதும் பயன்படுகின்றது. மலைபோல் வளர்ந்து கூரையைப் பிளக்கும் பூதத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்கின்றோமே, அது மருட்கை. 2008இல் வெளிவந்த 'டெட் ஸ்பேஸ்' என்னும் விளையாட்டிலே, பிணங்கள் உருத்திரிந்து எலும்பு முனைகளை நீட்டிக்கொண்டு எழுகின்றன. அவற்றைக் கண்டு முகத்தைச் சுளிப்பதிலே இளிவரல் பெரும் பங்கு கொள்கின்றது. பருமையும் அருவருப்பும் மாத்திரம் அச்சமாகிவிடா. இவ்விரண்டையும் பெருக்கினால் அச்சம் பெருகும் என எண்ணிய விளையாட்டுகள் பல விரைவில் மறக்கப்பட்டன.

அவ்வாறாயின் அச்சம் எதனாற் பிறக்கின்றது? தொல்காப்பியர் அதற்கு நான்கு நிலைக்களன்கள் கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. கண்ணுக்குப் புலனாகாது வருத்துவது அணங்கு; கொன்று தின்ன வல்லது விலங்கு; வழிமறித்துக் கொடுமை செய்வோர் கள்வர்; நம்மை ஒறுக்கும் உரிமை உடையவன் இறை. யப்பானிலும் இங்கிலாந்திலும் இவ்விளையாட்டுகளை ஆக்கியோர் தொல்காப்பியத்தைக் கண்டவரல்லர். ஆயினும் அவர்களுடைய பூதங்களுட் சிறந்தவை இந்நான்கு வாயிலினூடாகவே வருகின்றன. வரிசையைச் சிறிது மாற்றி, ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது விலங்கு. 2014இல் இங்கிலாந்தின் கிரியேற்றிவ் அசெம்பிளி நிறுவனம் ஆக்கிய 'ஏலியன்: ஐசொலேஷன்' என்னும் விளையாட்டில், பாழடைந்த விண்வெளி நிலையம் ஒன்றிலே அமண்டா ரிப்ளி என்னும் இளம்பெண் அகப்படுகின்றாள். 1979இல் வெளிவந்த 'ஏலியன்' திரைப்படத்தின் கதைத்தலைவிக்கு இவள் மகள். சுவிற்சர்லாந்து ஓவியர் கீகர் அத்திரைப்படத்திற்காக வகுத்த வேற்றுலக உயிரே இங்கும் வேட்டையாடுகின்றது. அதனைக் கொல்ல முடியாது. தீயினாற் சிறிது நேரம் விரட்ட மாத்திரம் முடியும். அது குறித்த வழியிலே குறித்த நேரத்திலே வருவதன்று. விளையாட்டினுள் இரண்டு அறிவுகள் இயங்குகின்றன. ஒன்று ஆடுவோன் இருக்குமிடத்தை அறியும். மற்றது விலங்கின் அறிவு. முதலாவது, இரண்டாவதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அப்பக்கமாகச் சென்று பார் என்று குறிப்பு மாத்திரம் தருகின்றது. அதன்பின் விலங்கு தன் கண்ணாலும் காதாலுமே தேட வேண்டும். மெய்யான விலங்கும் இவ்வாறுதானே வேட்டையாடுகின்றது? இன்னும் ஒரு புதுமையுண்டு. சில கருவிகளிலே ஒலிவாங்கியையும் இணைத்து ஆடலாம். அப்போது ஆடுவோன் தன் வீட்டிலே இருமினாலும் திரையில் உள்ள விலங்கு அதனைக் கேட்டுவிடும். வேட்டைக்காரனுக்கு அஞ்சி மூச்சையடக்கிப் பதுங்கும் மான் எவ்வாறு அஞ்சுமோ, அவ்வாறு மனிதனை அஞ்சவைத்த பூதம் இது.

இரண்டாவது கள்வர். 1999இல் வெளிவந்த மூன்றாம் 'ரெசிடென்ற் ஈவில்' விளையாட்டில் 'நெமெசிஸ்' என்னும் பூதம் வருகின்றது. நோய் பரவி அழியும் ரக்கூன் நகரத்தின் தெருக்களிலே, ஜில் வலன்ரைன் என்னும் பெண்ணை அது துரத்துகின்றது. அவள் சேர்ந்திருந்த படையினரைத் தேடிக் கொல்லவே அஃது அனுப்பப்பட்டது. அப்படையின் பெயரை உறுமிக்கொண்டே வருகின்றது. இதற்கு முந்திய விளையாட்டுகளில் ஆடுவோர் ஒரு பாடத்தைக் கற்றிருந்தனர்: கதவைக் கடந்துவிட்டால் தப்பிவிடலாம் என்பதே அது. நெமெசிஸ் அந்த நம்பிக்கையை உடைத்தது. கதவைத் திறந்துகொண்டு அதுவும் பின்னால் வந்தது. கள்வன் பொருளை மாத்திரம் கவர்வதில்லை. களவு போன வீட்டில் உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள்; இனி இந்தக் கதவை நம்பி எப்படி உறங்குவது என்பதே அவர்களது கலக்கமாயிருக்கும். நெமெசிஸ் கவர்ந்ததும் அந்த நம்பிக்கையையே.

மூன்றாவது அணங்கு. இதன் இயல்பு உருவம் மறைத்தல். சுவீடன் நாட்டின் பிரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'அம்னீசியா' விளையாட்டிலே, நீர் நிறைந்த நிலவறை ஒன்று உண்டு. அங்குள்ள பூதம் கண்ணுக்குத் தெரியாது. நீரிலே அடிவைக்கும் ஓசையும் சிதறும் துளிகளுமே அது வருவதை உணர்த்தும். கையில் ஆயுதமும் இல்லை. மிதக்கும் பெட்டிகளின்மீது தாவித் தாவித் தப்ப வேண்டும். 2014இல் 'பி.ரி.' என்னும் சிறு விளையாட்டு வந்தது. வளைந்து செல்லும் நடைவழியொன்று. அதன் இறுதிக் கதவைத் திறந்தால் மீண்டும் அதே நடைவழி. அங்கே லீசா என்னும் இறந்த பெண்ணின் ஆவி உலாவுகின்றது. அவ்விளையாட்டு 2015இல் விற்பனைத் தளத்தினின்றும் நீக்கப்பட்டது. பின்னர் 2019இல், அதன் உள்ளமைப்பை ஆராய்ந்த ஒருவர் வியத்தகு செய்தியொன்றைக் கண்டறிந்தார். கைவிளக்குக் கிடைத்தது முதல், லீசாவின் உருவம் ஆடுவோனின் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றது என்பதே அது. யாரோ பின்னால் நிற்கின்றார் என்று அஞ்சியோர், ஐந்தாண்டுகளின் பின்னர், தம் அச்சம் பொய்யன்று என அறிந்தனர்.

வானொலி நேயர்களாகிய நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இப்பூதங்கள் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னர்க் காதுக்கே வந்து சேர்கின்றன. கொனாமி நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'சைலன்ற் ஹில்' விளையாட்டு இதனை நன்குணர்ந்தது. அக்காலக் கருவி தொலைவிலுள்ளவற்றையெல்லாம் வரைந்து காட்டும் ஆற்றலற்றது. அக்குறையை மறைப்பதற்கு ஊரையே பனிமூட்டத்தால் மூடினர். குறையே அச்சத்துக்கு அணியாயிற்று. மகளைத் தேடிச் செல்லும் தந்தையின் கையில் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. பூதம் அணுகும்போது அப்பெட்டி இரையத் தொடங்கும். வானொலி இரைந்தால் நாம் குமிழைத் திருகிச் சரிசெய்வோம். அவன் ஓட்டம் பிடிப்பான்.

நான்காவது இறை. என் கருத்தில், யாவற்றினும் கொடிய பூதம் இவ்வகையையே சார்ந்தது. 2001இல் வெளிவந்த இரண்டாம் 'சைலன்ற் ஹில்' விளையாட்டில் ஜேம்ஸ் சண்டர்லாந்து என்பவன், இறந்துபோன மனைவியிடமிருந்து மடல் வந்ததாகக் கருதி அவ்வூருக்குச் செல்கின்றான். அங்கே 'பிரமிட் ஹெட்' எனப்படும் பூதத்தை எதிர்ப்படுகின்றான். மசாகிரோ இற்றோ என்னும் ஓவியர் வகுத்த உருவம் அது. மனித உடல், தலைக்குப் பதிலாகக் கூர்முனைகள் கொண்ட இரும்புக் கூடு, கையில் நிலத்திலே தேய இழுத்து வரும் பெருங்கத்தி. அதற்கு முகமில்லை, பேச்சில்லை, விரைவுமில்லை. தண்டனையை நிறைவேற்றும் கொலைஞனைப் போல அது நடந்து வருகின்றது.

கதையைத் தாமே கண்டறிய விரும்புவோர் பொறுத்தருள்க. நோயுற்றிருந்த மனைவியைத் தன் கையாலேயே கொன்றவன் ஜேம்ஸ். அதனைத் தன்னிடமிருந்தே மறைத்து வைத்திருந்தான். பிரமிட் ஹெட்டை அழைத்தது அவனுடைய குற்றவுணர்வே. தன்னை ஒறுப்பதற்கு ஒருவன் வேண்டும் என்று அவன் உள்ளம் வேண்டிற்று. அவ்வேண்டுதல் உருக்கொண்டு வந்தது. இறுதியில் அவன் செய்ததை ஒப்புக்கொண்டு, இனி நீ எனக்கு வேண்டியதில்லை என்னும் நிலையை அடைகின்றான். அதன்பின் நிகழும் போரின் முடிவில் அப்பூதம் தன்னைத் தானே மாய்த்துக் கொள்கின்றது. பின்னர் 2006இல் எடுக்கப்பட்ட திரைப்படத்திலும், 2008இல் வந்த மற்றொரு விளையாட்டிலும் அதே உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தினர். தலைக்கூடும் கத்தியும் இருந்தன. பழைய அச்சம் இருக்கவில்லை. ஜேம்சின் குற்றத்துக்கு உரிய பூதம் ஏனையோரை எவ்வாறு அச்சுறுத்தும்? விலங்கிடமிருந்து ஒளியலாம், கள்வரிடமிருந்து ஓடலாம், அணங்குக்கு அஞ்சி அவ்விடத்தை விட்டே நீங்கலாம். நம் நெஞ்சு அனுப்பிய ஒறுப்பாளனிடமிருந்து எங்கே செல்வது?

பெற்றோராகிய நேயர்களுக்கு இப்போது ஒரு சொல். நெமெசிஸ் வரும் விளையாட்டு, இரண்டாம் சைலன்ற் ஹில், ஏலியன் ஆகிய மூன்றும் பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கே உரியவை என வட அமெரிக்காவின் தரம்பிரிக்கும் அமைப்பு வகுத்துள்ளது. அவ்வெல்லையைப் பேணுதல் நம் கடன். ஆயினும் தடை விதித்ததோடு நம் பணி முடிந்துவிடாது. நண்பன் வீட்டிலோ கைத்தொலைபேசியிலோ அவற்றைக் கண்டுவிடும் பிள்ளைகள் உளர். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்களாக வகுப்பிலே உறங்கி விழுந்தான். அழைத்து வினவியபோது, இரவிற் கண்ட பூதம் ஒன்று தன்னை உறங்கவிடவில்லை என்றான். வீட்டிற் சொன்னாயா என்று கேட்டேன். "சேர், அப்பாவுக்குத் தெரிஞ்சால் அதைவிடப் பயம்" என்றான்.

அம்மறுமொழியை நான் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. அவன் திரையிற் கண்டது முதல் மூன்று வகையுள் ஒன்று. அதனைச் சொல்லவிடாது அவன் வாயைக் கட்டியதோ நான்காம் வகை, தம் இறை. தந்தையும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு அவ்விடத்தில் நிற்கின்றோம். நம்மிடம் சிறிது அச்சம் இருத்தல் ஒழுங்குக்கு வேண்டியதே. அது பூதத்தைவிடப் பெரிதாகுமாயின், பிள்ளை பூதத்தோடு தனித்து விடப்படுவான். இவ்விளையாட்டுகளை ஆக்கியோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: தனிமையே அச்சத்தை வளர்க்கும் நிலம். அதனாற்றான் அவர்கள் ஆடுவோனுக்குத் துணை தருவதில்லை. அவர்கள் தராத துணையை நாம் தரலாம். பிள்ளை அஞ்சியது எது என்று கேளுங்கள், சிரியாது கேளுங்கள், சினவாது கேளுங்கள். அது விலங்கோ, கள்வனோ, அணங்கோ என்று அவனோடிருந்து ஆராயுங்கள். பெயர் சொல்லி ஆராயப்பட்ட பூதம் பாதி வலிமை இழந்துவிடும். வயதுக்கு ஒவ்வாத விளையாட்டை நிறுத்தும்படி அதன்பின் சொன்னால், அச்சொல்லையும் அவன் கேட்பான்.