ஏரியின் மேல் எழுந்த மாநகர்



மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலை உண்டு. 'ஏரி தெரியும் சாலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே இன்றும் அதற்கு வழங்குகின்றது. அங்கு நின்று எத்திசை நோக்கினும் ஏரியைக் காணோம். மயிலாப்பூர் ஏரி என்றும் நீண்ட ஏரி என்றும் பெயர்பெற்றிருந்த பெருநீர்ப்பரப்பு 1920-களில் தூர்க்கப்பட்டது; அதன்மேல் தியாகராயர் நகர் எழுந்தது. ஆயினும் பெருமழை பெய்யுந்தோறும் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகின்றது.

தமிழன் வெட்டிய ஏரி தனித்து நிற்கும் தொட்டியன்று. மதகு வழியே வயலுக்கு நீர் பாயும். நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியே வெளியேறும். வாய்க்கால் அதனைக் கீழுள்ள ஏரிக்குக் கொண்டு சேர்க்கும். ஓரேயடியாக வரும் வெள்ளம் பல ஏரிகளில் பங்கிடப்பட்டு, விரைவு தணிந்து, மண்ணுள் இறங்கும். கோடையில் கிணறு ஊறுவது அந்நீரால்தான். வெள்ளம், வறட்சி ஆகிய இரண்டுக்கும் ஓரமைப்பே காப்பு! நகரமைப்போர் இத்தொடரில் ஒரு கண்ணியைத் தூர்த்தால், தொடர் முழுதும் கெடும். கலிங்கு என்னும் சொல்லை இன்று மாநகரப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்?

கெட்டதன் பயன் கண்கூடு. 2015 திசம்பர் 1-ஆம் நாளை ஒட்டிய ஒரு நாட்பொழுதில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருகரையும் மூழ்கின. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே மாநகர்க்குக் குடிநீர் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் வந்தது!

தென்பால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பல ஏரிகளின் மிகைநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்லும். அச்சதுப்பிலேயே குப்பை மலையும் கட்டடங்களும் எழுந்தன. எஞ்சிய பகுதி 2022-இல்தான் உலகளாவிய ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2023 திசம்பர்ப் புயல்மழையில் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நாட்கணக்கில் நீரில் நின்றன.

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வான்சிறப்பை நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்தவர் வள்ளுவர். 1976-இல் திறக்கப்பட்ட அவர் கோட்டம் நிற்பதோ நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில்! தேர் கண்டு மகிழ்ந்த தமிழர், ஏரி போனதற்கு வருந்தினாரல்லர். பிறர் செய்த அழிவை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.

மாற்றுவழியும் அதே மாநகரிலேயே உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய ஓடை, கட்டட இடிபாடுகளாலும் குப்பையாலும் மேடாகிக் கிடந்தது. அவற்றை அகற்றி, நீர் பரவ இடம் விட்டு, மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டு, 58 ஏக்கரில் 2011-இல் பூங்கா திறந்தார்கள். அதற்குத் தொல்காப்பியர் பெயர். பள்ளம் பள்ளமாகவே விடப்பட்டதால் கடலேற்ற நீரும் மழைநீரும் அங்கே வந்து தங்குகின்றன. பறவைகளும் மீண்டும் வருகின்றன.