பெற்றோர் குடிபோக நல்ல நேரம் எது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதன்று. வயது முதிர்ந்த தாயையோ தகப்பனையோ பழைய வீட்டிலிருந்து புது வீட்டிற்கு அழைத்துவருவதைப் பற்றியதேயாகும். இது வீட்டு விஷயந்தானே, இதற்கொரு மேடையா என்று சிலர் நினைக்கலாம். மூடநம்பிக்கை குடியிருக்கும் இடமே வீடுதான். ஆதலால் அங்கிருந்தே தொடங்குகின்றோம்.

ஒரு கிழத்தாயை இடம் மாற்றவேண்டுமானால் நம் மக்கள் முதலில் யாரைக் கேட்கின்றார்கள்? டாக்டரையா? அந்தத் தாயையா? இல்லை, பஞ்சாங்கத்தைக் கேட்கின்றார்கள். ஆடியில் கூடாது, மார்கழியில் கூடாது, அஷ்டமி நவமியில் கூடாது, திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம், அதிலும் கூடாது. பழைய வீட்டுக் கூரை ஒழுகினாலும் "ஆடி கழியட்டும்" என்கின்றார்கள். ராகுகாலத்தில் ரயில் ஓடவில்லையா? ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கவில்லையா?

புது வீட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கின்றார்கள். கிழவிக்குக் கால் தடுக்குவது அந்தப் படியில்தான் என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? அடுப்பு அக்கினி மூலையில் இருக்கின்றதா என்று வாஸ்துக்காரன் பார்த்துக் காசு வாங்கிப் போகின்றான். குளிக்கும் அறையின் தரை வழுக்குகின்றதா, கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு விளக்கு உண்டா, பிடித்து எழச் சுவரில் கைப்பிடி உண்டா, கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகின்றதா என்று அவன் பார்ப்பதில்லை. வயதானவர்களின் எலும்பு பலம் குறைந்தது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதேயில்லை. அப்பொழுது "கிரகம் சரியில்லை" என்பார்கள். கிரகம் என்ன செய்யும்? தரையல்லவா சரியில்லை!

அடுத்தது, எந்த வீட்டிற்கு அழைப்பது என்ற கேள்வி. மகள் பார்த்துக்கொள்ளத் தயாராயிருந்தாலும், "பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கலாமா?" என்கின்றார்கள். கொள்ளி போடுகின்றவன் மகனாம். ஆகவே அவன் வீட்டில்தான் இருக்கவேண்டுமாம். மகன் கடமை என்பது பெயர். கஞ்சி காய்ச்சுவதும் துணி துவைப்பதும் யார்? மருமகளல்லவா? தன் தாயைத் தூக்கி உட்காரவைக்க மகனுக்குக் கையில்லையா?

பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுதும் 2005-லும் சட்டமாயிற்று. மணமான மகளுக்கும் பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பு உண்டென்று 1987-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உரிமை இருவருக்கும் பொதுவானால் வீடு மட்டும் எப்படி ஒருவனுடையதாகும்?

இன்னொன்று. குடிபோகும் அவசரத்தில் பழைய வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுகின்ற பிள்ளைகளும் உண்டு. பெற்றோர்களே, எழுதித்தான் ஆகவேண்டுமானால், எங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவையுங்கள். பராமரிக்க மறுத்தால் அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று அறிவிக்க 2007-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கின்றது. பிள்ளைப் பாசம் வேறு, பத்திரம் வேறு.

கடைசியாக நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா தன் சாமி படத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். வரட்டும் என்கின்றோம். நம் கருத்தை எடுத்துச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. அவர் மூட்டையை அவிழ்த்து எறிய உரிமையில்லை. வெற்றிலை இடிக்கும் உரல், பழைய பெட்டி, நாற்பது வருஷம் படுத்த கட்டில் ஆகியவை நமக்குக் குப்பையாகத் தோன்றலாம். இருட்டில் விழித்தால் இது நம் இடந்தான் என்று அவருக்குச் சொல்லுகின்றவை அவையே. புது வீட்டுச் சாவியொன்றை அவர் கையிலும் கொடுங்கள். சாவியில்லாதவர் விருந்தாளி, அதிக நாள் தங்கிய விருந்தாளிக்கு என்ன மரியாதை என்பது உங்களுக்கே தெரியும். சுயமரியாதை வாலிபர்களுக்கு மட்டும் உரியதன்று.

ஆகையால் தோழர்களே! தரை காய்ந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும், மகனும் மகளும் கூட வரட்டும். அந்தத் தாய் "சரி, போகலாம்" என்று மனமொப்பிச் சொல்லுகின்ற நேரம் எதுவோ, அதுவே நல்ல நேரம்.